மறுபடி கட்டிய ஜெட் ஸ்கி எஞ்சின்: மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினால் பாதுகாப்பா?

கேள்வி, 5 மே 2024

யமஹா சூப்பர்ஜெட் ஒன்றை வாங்கி, எஞ்சினைப் பிரித்துக் கட்டி முடித்திருக்கிறேன். 701 சிசி, இரட்டை 38 மி.மீ. மிக்குனி கார்புரேட்டர். சிலிண்டர்களை 81.50 மி.மீ.க்கு குடைந்து பெரிதாக்கி புது பிஸ்டன்களும் போட்டாயிற்று. ஊரில் ஆர்எக்ஸ் 100 எஞ்சின் கட்டும்போதெல்லாம் பெட்ரோலை அளந்து விடும் பெரிய துளையான மெயின் ஜெட்டை இரண்டு படி பெரிதாக்கிவிடுவோம், புது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளாது. இதிலும் அதையே செய்தேன். கால் த்ராட்டிலில் எஞ்சின் தயங்குகிறது, சில வேளை நின்றே விடுகிறது. அதைத் தாண்டிவிட்டால் புகையோடு ஓடுகிறது. மெயினை இன்னும் ஒரு படி ஏற்றினால் தயக்கம் போய்விடும் என்பது என் கணக்கு. சரிதானே?

7 மே 2024

சரியில்லை. ஒரு படி ஏற்றினால் புகைதான் கூடும், தயக்கம் அங்கேயே இருக்கும்.

ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டரின் அடியில் மிதவைக் கிண்ணம் இருக்கிறது, நடுவில் ஏறி இறங்கும் ஸ்லைடும் அதில் தொங்கும் ஊசியும் இருக்கின்றன. பெட்ரோலின் மட்டத்தை மிதவை பார்த்துக்கொள்கிறது, நடு த்ராட்டிலை ஊசி பார்த்துக்கொள்கிறது, கலவை போதவில்லை என்றால் ஊசியின் கிளிப்பை ஒரு காடி இறக்கி வைத்து வேலையை முடித்துவிடலாம். ஜெட் ஸ்கி கவிழ்வதற்கென்றே பிறந்த வண்டி என்பதால் மிதவைக் கிண்ணம் அதற்கு உதவாது. உங்களிடம் உள்ள சூப்பர் பிஎன் வகையில் மிதவையும் இல்லை, ஸ்லைடும் இல்லை, கிளிப் மாற்ற ஊசியும் இல்லை. எஞ்சின் உறிஞ்சும்போது ஒரு மெல்லிய டயாஃப்ரம் உள்வாங்கி ஒரு சிறு நெம்புகோலை அழுத்துகிறது, அந்த நெம்புகோல் தன் கீழுள்ள ஸ்பிரிங்கின் விசையை மீறி ஊசி வால்வைத் திறக்கிறது, கிராங்க் கேஸின் அழுத்த ஏற்ற இறக்கத்தால் துடிக்கும் பம்ப் அதன் வழியாகப் பெட்ரோலை உள்ளே தள்ளுகிறது, மிஞ்சியது ரிட்டர்ன் குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது.

எந்தத் திறப்பில் எது ஆளுகிறது என்பதைத் தோராயமாகச் சொன்னால், மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை லோ ஸ்பீடு திருகு, மூன்றில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட் எனும் சிறு ஜெட், கால் த்ராட்டிலில் தொடங்கி முழுவதும் வரை மெயின் ஜெட், முக்காலுக்கு மேல் ஹை ஸ்பீடு திருகு. இவற்றோடு, ஊசி வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. பாப் ஆஃப் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஐடிலைத் தாண்டிய நொடியிலிருந்து கால் த்ராட்டில் வரைக்கும் அதன் கை ஓங்கியிருக்கும். உங்கள் தயக்கம் உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்.

இந்த எல்லைகள் கோடு கிழித்தாற்போல இருப்பதில்லை. மெயின் பேசத் தொடங்கியதும் பைலட் வாயை மூடிக்கொள்வதில்லை, முழுத் த்ராட்டிலிலும் அது தன் பங்கைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எனவே பைலட்டை மாற்றினால் மேலே உள்ளதும் கொஞ்சம் நகரும். சரிசெய்யும்போது கீழிருந்து மேலே போக வேண்டியதற்கு இதுவே காரணம்.

7 மே 2024, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. த்ராட்டில் நெம்பின் அருகே ஒரு துண்டு டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அலையில் குதிக்கும்போது விரல் எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்பதைப் பற்றி நமக்கு இருக்கும் நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. அரை என்று ஒருவர் சத்தியம் செய்வது பெரும்பாலும் கால்தான்.

9 மே 2024

ஜெட்டுகளைத் தொடுவதற்கு முன் எஞ்சின் காற்றுப் புகாமல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கட்டிய எஞ்சினுக்கு இதை இரட்டிப்பாகச் சொல்வேன், ஏனென்றால் எல்லா கேஸ்கெட்டும் எல்லா சீலும் ஒரே நாளில் ஒரே கையால் பொருத்தப்பட்டிருக்கின்றன.

நான் வாங்கிய வண்டி பிஸ்டன் பிடித்த நிலையில்தான் கைக்கு வந்தது. முந்தைய உரிமையாளர் அதை ஒரு பட்டறையில் கொடுத்துக் கட்டியிருக்கிறார், அவர்களும் பாதுகாப்புக்காக மெயினை வெகுவாகப் பெரிதாக்கித்தான் அனுப்பியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் பின் சிலிண்டரின் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நீளவாக்கில் உராய்ந்து அலுமினியம் இழுபட்டிருந்தது, முன் சிலிண்டர் கறுத்து எண்ணெயோடு இருந்தது. ஒரே அளவு ஜெட்டுகள், ஒரே பெட்ரோல், இரண்டு சிலிண்டரில் இரண்டு கதை. எஞ்சினை நீர்ப் பம்போடு இணைக்கும் கப்ளர் பக்கத்துக் கிராங்க் சீல் இறுகிப் போய் உதடு விட்டிருந்ததால் பின் சிலிண்டர் கார்புரேட்டரைக் கேட்காமல் தனியாகக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. பெரிய மெயின் முழுத் த்ராட்டிலில் அந்த ஓட்டையை ஓரளவு மறைத்தது, நடுத் த்ராட்டிலில் நிதானமாக ஏரியைச் சுற்றும்போது பிஸ்டன் வெந்தது. அப்படிச் சுற்றுவதைத்தான் நாம் எஞ்சினைப் பதமாகப் பழக்குவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சோதனை எளிது. இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, கிராங்க் கேஸிலிருந்து பெட்ரோல் பம்புக்குப் போகும் பல்ஸ் முனை வழியாக 6 முதல் 8 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி, சில நிமிடங்கள் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் சோப்பு நீரைத் தெளித்துக் குமிழைத் தேடுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், நல்ல சீலும் உதடு புரண்டுவிடும்.

12 மே 2024

கேட்டவர் சோதனையைச் செய்துவிட்டார், முள் அசையவில்லை. இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனுக்கும் இடையே வித்தியாசமும் சொற்பம். ஆகவே எஞ்சின் குற்றமற்றது. இனி கார்புரேட்டரைப் பார்க்கலாம்.

நான் கேட்ட இன்னொரு கேள்விக்கு அவர் தந்த பதில்தான் சுவாரசியமானது. கார்புரேட்டருக்கு அவர் வாங்கிப் போட்ட ரிப்பேர் கிட் மிக்குனியினுடையது அல்ல, விலை பாதி என்பதற்காக வாங்கிய வேறொன்று. டயாஃப்ரத்தோடு ஊசி வால்வும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே வந்தனவாம், எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்.

13 மே 2024

பாப் ஆஃப் பற்றி விரிவாக எழுதச் சொல்லி மூவர் கேட்டிருக்கிறார்கள்.

ஊசி வால்வின் இருக்கை 1.5, 2.0, 2.3, 2.5 என்று துளை அளவுப்படி வருகிறது. ஸ்பிரிங் 65, 80, 95, 115 கிராம் என்று விசையின் அளவுப்படி வருகிறது. வால்வைத் திறக்கத் தேவையான அழுத்தம் ஸ்பிரிங்கின் விசைக்கு நேர் விகிதத்திலும் துளையின் பரப்புக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். பரப்பு விட்டத்தின் இருமடிப்படி மாறுவதால், ஸ்பிரிங்கைத் தொடாமல் 2.0 இருக்கைக்குப் பதில் 1.5 போட்டால் திறக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். சிறிய மாற்றம் என்று நினைத்துச் செய்வது சிறியதாக இருப்பதில்லை.

அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் ஐடிலிலிருந்து விரலை அழுத்தியதும் காற்று வழியில் உள்ள பட்டர்ஃபிளைத் தகடு திறந்து காற்று பாய்ந்துவிடும், வால்வு திறந்து பெட்ரோல் வரத் தாமதமாகும், எஞ்சின் ஒரு கணம் வாயைப் பிளந்து நிற்கும். மிகக் குறைவாக இருந்தால் வால்வு முழுதாக மூடாமல் ஐடிலில் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும், சிறிது நேரம் மெதுவாகப் போய்விட்டு அழுத்தினால் கறகறத்துப் புகையைத் துப்பிய பிறகுதான் ஓடும். இரண்டும் தயக்கம்தான், ஆனால் முதலாவது கூர்மையாகவும் வறண்டும் இருக்கும், இரண்டாவது மந்தமாகவும் ஈரமாகவும் இருக்கும். காதுக்குப் பழகிய பிறகு குழப்பம் வராது.

அளப்பதற்கு முள் வைத்த சிறு கைப்பம்பு போதும். டயாஃப்ரத்தைக் கழற்றிவிட்டு, ரிட்டர்ன் முனையை அடைத்து, பெட்ரோல் நுழையும் முனையில் பம்பை மாட்டி, வால்வை ஒரு சொட்டு எண்ணெயால் நனைத்துவிட்டு மெல்ல ஏற்றுங்கள். முள் சட்டென்று விழும் இடம்தான் பாப் ஆஃப். நனைக்காமல் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வரும், அந்த எண்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிறகு 10 பிஎஸ்ஐ அளவுக்கு ஏற்றி விட்டுவிடுங்கள், ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இருக்கையின் அடியில் உள்ள ஓ ரிங்கையோ வால்வின் முனையையோ சந்தேகிக்கலாம்.

நெம்புகோலின் உயரத்தை மறக்க வேண்டாம். அது தன் இருபுறமும் உள்ள உலோகத் தளத்தோடு சமமாக இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் டயாஃப்ரம் அதை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும், தாழ்ந்திருந்தால் டயாஃப்ரம் எட்டிப் பிடிக்கும் வரை பெட்ரோல் வராது. சரியான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு நெம்பு தாழ்ந்திருந்ததால் மாதக்கணக்கில் ஜெட் மாற்றிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவரிடம் இப்போது பித்தளை ஜெட்டுகளின் அருங்காட்சியகமே இருக்கிறது.

18 மே 2024

கேட்டவர் அளந்துவிட்டார். ஒரு கார்புரேட்டர் 28 பிஎஸ்ஐயில் திறக்கிறது, மற்றது 41-இல். ஒரே கிட்டில் வந்த ஒரே தோற்றமுள்ள இரண்டு ஸ்பிரிங்குகள். ஒரு சிலிண்டர் கால் த்ராட்டிலில் வேலை செய்யத் தயாராக இருக்கும்போது மற்றது பெட்ரோலுக்காகக் காத்திருக்கிறது, மெயின் ஜெட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வால்வு திறக்காத வரை அதற்கு வந்து சேர ஒன்றுமில்லை.

பழைய ஸ்பிரிங்குகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறாராம். அவற்றையே போட்டு அளக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்பிரிங்கை வெட்டியோ இழுத்தோ எண்ணைச் சரிக்கட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒரு அவசரத்துக்கு வேலை செய்யும், ஆனால் இரண்டு கார்புரேட்டரையும் ஒரே எண்ணில் நிறுத்த அந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

19 மே 2024

பழைய ஸ்பிரிங்குகளுடன் இரண்டும் 1 பிஎஸ்ஐ இடைவெளிக்குள் வந்துவிட்டன. தயக்கம் ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. மெயின் இன்னும் இரண்டு படி பெரிதாகவே இருக்கிறது.

20 மே 2024

இனி லோ ஸ்பீடு. இதைத் தண்ணீரில் வைத்துச் செய்ய வேண்டும், டிரெய்லரில் செய்யக் கூடாது. டிரெய்லரில், வண்டியை உந்தும் நீர்ப் பம்புக்குச் சுமை இல்லாததால் ஐடில் வேகம் அதிகமாக இருக்கும், அங்கே சரிசெய்ததைத் தண்ணீரில் இறக்கியதும் எஞ்சின் நின்றுவிடும். குழாய் மாட்டிச் சோதிக்கும்போது எஞ்சினைத் தொடக்கிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும், தண்ணீரை மூடிய பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய், கட்டிய எஞ்சினை மறுபடி கட்ட நேரும்.

முதலில் இரண்டு பட்டர்ஃபிளையும் ஒரே கணத்தில் திறக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மெல்லிய டிரில் பிட்டின் தண்டை இரண்டின் கீழும் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு எஞ்சின் சூடான நிலையில் லோ ஸ்பீடு திருகுகளைச் சிறுகச் சிறுக, இரண்டையும் சமமாகத் திருப்பி, ஐடில் மிக உயரும் இடத்தைக் கண்டுபிடித்து, ஐடில் திருகால் வேகத்தைக் குறைத்து, மறுபடியும் அதையே செய்ய வேண்டும். த்ராட்டிலை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது. திருகைக் கையேட்டு அளவிலிருந்து வெகு தூரம் திறந்தால்தான் ஓடுகிறது என்றால் பைலட்டை 2.5 எண் பெரிதாக்குங்கள், ஏறக்குறைய மூட வேண்டியிருந்தால் சிறிதாக்குங்கள்.

26 மே 2024

மெயின் ஜெட்டைப் பற்றி நான் முதலில் எழுதியதைப் படித்த ஒருவர், பெரிய மெயினே வேண்டாம் என்கிறேனா என்று கேட்கிறார். அப்படி எழுதவில்லை, ஆனால் அந்தத் தொனி வந்துவிட்டது போலும். பெரிய மெயினின் தரப்பையும் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன், அது அவ்வளவு எளிதில் தள்ளிவிடக் கூடியது அல்ல.

சாலையில் பைக் முழுத் த்ராட்டிலில் இருப்பது சில நொடிகள். கியர் மாறுகிறது, வளைவு வருகிறது, குறுக்கே ஆடு வருகிறது. ஏரியில் எதுவும் வருவதில்லை. இங்கே, கனடாவின் ஒன்டாரியோவில், கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவின் ஒரு முனையிலிருந்து சிம்கோ ஏரிக்குள் நீட்டிப் பிடித்தால் நிமிடக்கணக்கில் முழுத் த்ராட்டில். நீர்ப் பம்புக்குத் தேவைப்படும் சக்தி சுழற்சி வேகத்தின் மும்மடிப்படி ஏறுவதால், டைனமோமீட்டரில் மாட்டினாற்போல எஞ்சின் ஒரே வேகத்தில் முழுச் சுமையோடு சிக்கிக்கொள்கிறது. அந்த நிலையில் பிஸ்டனின் தலையைக் குளிர வைப்பதில் பெட்ரோலுக்கும் பங்குண்டு, அங்கே மெயின் ஒரு படி சிறிதாக இருப்பதற்கும் பெரிதாக இருப்பதற்கும் இடையே உள்ள தூரம் ஒரு பிஸ்டனின் விலை. ஆகவே மெயினை வளமான, அதாவது பெட்ரோல் மிகுந்த, பக்கத்திலிருந்து தொடங்கி இறங்கி வர வேண்டும் என்பதில் கேட்டவர் சொன்னது சரி. என் மறுப்பு அதைக் கால் த்ராட்டிலுக்கு மருந்தாகக் கொடுப்பதற்கும், புது எஞ்சினுக்கான ஒரே பாதுகாப்பாக நம்புவதற்கும் மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. அளவுக்கு மீறிய பெட்ரோல் புதிதாக ஹோன் செய்த சிலிண்டர் சுவரிலிருந்து எண்ணெயைக் கழுவுகிறது, எரியாத கலவை ரிங் காடிகளில் படிகிறது. பாதுகாப்பு என்று போட்டது ரிங் பதிவதைக் கெடுக்கிறது. ஒரு படி புரிகிறது. இரண்டு படிக்கு மேல் என்றால் வேறு ஏதோ கோளாறை மூடி வைக்கிறோம் என்றே எடுத்துக்கொள்வேன்.

2 ஜூன் 2024

ஹை ஸ்பீடு திருகு பற்றி: அது மெயினுக்கு இணையாக ஓடும் ஒரு சிறு வழி. மூன்று சுற்றுக்கு மேல் திறப்பதால் பயனில்லை, அங்கேயே அதன் முழு ஓட்டம் முடிந்துவிடுகிறது. இரண்டு சுற்றுக்கு மேல் திறந்தால்தான் சரியாக ஓடுகிறது என்றால் மெயினைப் பெரிதாக்கிவிட்டுத் திருகை மறுபடி நடுவுக்குக் கொண்டுவருவதே முறை.

முழுத் த்ராட்டிலில் கலவை மெலிந்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போது சோக்கை ஒரு நொடி மிகச் சிறிதாக இழுத்துப் பாருங்கள். வேகம் ஏறினால் எஞ்சின் பெட்ரோல் கேட்கிறது, இறங்கினால் போதுமான அளவு இருக்கிறது. ஏறினால் உடனே த்ராட்டிலை விட்டுவிடுங்கள், மகிழ்ச்சியில் இன்னொரு சுற்றுப் போக வேண்டாம்.

முதல் சில நொடிகள் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மெல்லச் செத்துப் போனால் அது ஜெட் அல்ல, வரத்து. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் இடத்தில் உள்ள சிறு வலை, பெட்ரோல் பம்பின் மெல்லிய தகட்டு வால்வுகள், தொட்டியிலிருந்து வரும் குழாய், ரிசர்வ் வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். 1990களில் வந்த சில வண்டிகளின் சாம்பல் நிறக் குழாய்கள் உள்ளே கரைந்து பச்சைக் கூழாகி அந்த வலையை அடைக்கும். குழாய் வெளியே பளபளவென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

9 ஜூன் 2024

ஸ்பார்க் பிளக்கின் நிறத்தை வைத்துக் கலவையைக் கணிப்பது பற்றி வாக்குவாதம் கிளம்பியிருக்கிறது. கரையிலிருந்து கிளம்பி, சுற்றிவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது காட்டுவது மெதுவாகத் திரும்பி வந்த கதையைத்தான். மெயினைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. புது பிஆர்8எச்எஸ் பிளக்குகளைப் போட்டு, முழுத் த்ராட்டிலில் கணிசமான தூரம் ஓட்டி, த்ராட்டிலை விடாமலேயே லேன்யார்டை (கையில் கட்டும் நிறுத்தக் கயிறு) இழுத்து எஞ்சினை நிறுத்தி, அங்கேயே மிதந்துகொண்டு கழற்றிப் பார்த்தால்தான் முழுத் த்ராட்டிலின் நிறம் கிடைக்கும். பார்க்க வேண்டிய இடம் பீங்கானின் முனை அல்ல, அது உலோக உடலோடு சேரும் அடிப்பகுதியில் தெரியும் புகை வளையம்.

இதைச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் கிடையாது, பம்பிலிருந்து பீறிடும் நீரைத் திருப்பித்தான் வண்டி திரும்புகிறது. எஞ்சினை நிறுத்திய கணத்தில் திருப்பும் சக்தியும் போய்விடும், வண்டி மட்டும் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். முன்னால் நீச்சலடிப்பவரோ படகுத்துறையோ இல்லாத திறந்த நீரில் மட்டும் செய்யுங்கள்.

நான் பிளக்கை விட பிஸ்டனின் தலையை அதிகம் நம்புகிறேன். பிளக் துளை வழியாகச் சிறு விளக்கையோ கேமராவையோ விட்டுப் பார்த்தால், டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளிலிருந்து வரும் புதுக் கலவை கழுவிய சுத்தமான திட்டுகள் தெரியும். திட்டுகள் பரந்திருந்தால் வளம், சுருங்கியிருந்தால் மெலிவு, திட்டே இல்லாமல் தலை முழுதும் வறண்டு ஒரே நிறமாக இருந்தால் அன்றைக்கு ஓட்டியது போதும். இரண்டு சிலிண்டரின் திட்டுகளும் ஒத்திருக்கின்றனவா என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான செய்தி.

நான் அடிக்கடி நடு ஏரியில் நின்று சிலிண்டருக்குள் விளக்கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, கரையோரத்துக் குடிலில் இருக்கும் முதியவர் ஒருவர் உதவி வேண்டுமா என்று கேட்டுப் படகோடு வந்துவிடுவார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் நம்புவதில்லை.

23 ஜூன் 2024

கேட்டவர் மெயினைத் தொழிற்சாலை அளவுக்கு இறக்கிப் பார்த்திருக்கிறார், சோக்கை இழுத்தால் வேகம் ஏறுகிறது. ஒரு படி ஏற்றியதும் திட்டுகள் சமமாக வந்துவிட்டன. காற்று வடிகட்டும் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த வகை ஃபிளேம் அரெஸ்டர் (தீ வெளியேறாமல் தடுக்கும் வலை) போட்டிருக்கிறேன் என்பதை இன்றைக்குத்தான் சொல்கிறார். தடை குறைந்தால் கார்புரேட்டரின் வாயில் உறிஞ்சும் விசை குறையும், அதே ஜெட் வழியாக வரும் பெட்ரோலும் குறையும், எனவே ஒரு படி நியாயம். அவர் நினைத்ததில் சரிபாதி வென்றிருக்கிறார் என்று எழுதினால் மகிழ்வார்.

30 ஜூன் 2024

எண்ணெய் விகிதம் பற்றிய கேள்விக்கு. இந்த எஞ்சினுக்கு வழக்கமான கலவை 50-க்கு 1, பழக்கும் காலத்தில் 25-க்கு 1. எண்ணெய் கூடினால் கலவை வளமாகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். புகை கூடுவதால் வரும் எண்ணம் அது. ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, திரவமும் சற்றுத் தடிக்கிறது. பழக்கும் தொட்டியில் இறுதி ஜெட்டை முடிவு செய்யாதீர்கள், 50-க்கு 1-க்கு மாறிய பிறகு சிறிது வளமாகும்.

எத்தனால் எதிர்த் திசையில் இழுக்கும். கலப்பில்லாத பெட்ரோலுக்குக் காற்றும் எரிபொருளும் 14.7-க்கு 1 என்றால், பத்து சதவீதம் எத்தனால் கலந்ததற்கு 14.1-க்கு 1. ஜெட்டை மாற்றாமல் எத்தனால் கலந்ததை ஊற்றினால் ஏறக்குறைய நான்கு சதவீதம் மெலிகிறது. நான்கு பெரிய எண் அல்ல, ஆனால் அதோடு குளிர் காலையும் சேர்ந்தால் கூட்டிப் பார்க்க வேண்டும்.

14 ஜூலை 2024

கால்கரியிலிருந்து ஒருவர் அங்குள்ள ஏரிகளுக்கு இந்த அளவுகள் பொருந்துமா என்று கேட்கிறார். கால்கரி 1,045 மீட்டர் உயரம், சிம்கோ ஏரி 219 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி எங்களை விட எட்டு சதவீதம் போலக் குறைவு, ஆகவே எங்கள் ஜெட்டுகள் அங்கே வளமாக இருக்கும். பிஸ்டனுக்கு ஆபத்தில்லை, இழுவை மட்டும் மந்தமாக இருக்கும். அங்கே சிறிதாக்கிச் சரிசெய்த வண்டியைக் கோடையில் ஒன்டாரியோவுக்கு இழுத்து வந்து அப்படியே ஏரியில் இறக்குவதுதான் ஆபத்து.

8 செப்டம்பர் 2024

பருவம் மாறுகிறது, அதனால் எழுதுகிறேன். 30 பாகையில் இருந்த காற்று 10 பாகைக்கு வந்தால் அடர்த்தி ஏழு சதவீதம் ஏறுகிறது. ஜூலையில் கச்சிதமாக நிறுத்திய மெயின் அக்டோபரில் மெலிந்த மெயின். இங்கே பலருடைய எஞ்சின் ஆண்டின் கடைசி ஓட்டத்தில் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன், எண்ணெய் மீது பழி போடுவார்கள். நீங்கள் ஓட்டப் போகும் நாட்களிலேயே மிகக் குளிரான நாளுக்கு மெயினை நிறுத்திவிட்டுக் கோடையில் சிறிது மந்தத்தைப் பொறுத்துக்கொள்வது ஒரு வழி, ஹை ஸ்பீடு திருகைப் பருவத்துக்கு ஏற்ப அரைச் சுற்று திறப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவதைச் செய்கிறேன், ஆனால் மறதிக்காரர்களுக்கு முதலாவதுதான் நல்லது.

குளிர்ந்த நீரில் இன்னொரு விதமான பிடிப்பும் உண்டு, அதற்கும் ஜெட்டுக்கும் தொடர்பில்லை. எஞ்சின் சூடாகும் முன் முழுத் த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் வேகமாக விரிகிறது, ஏரி நீரால் குளிரும் சிலிண்டர் விரிவதில்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் உராய்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உராய்ந்திருப்பதைப் பெரும்பாலும் மெலிவின் கணக்கில் எழுதலாம், நான்கு மூலையும் உராய்ந்திருந்தால் அவசரத்தின் கணக்கில் எழுத வேண்டும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டவர்கள் இன்னும் நிதானமாகச் சூடாக்க வேண்டும், அது வார்ப்புப் பிஸ்டனை விட அதிகம் விரியும்.

13 அக்டோபர் 2024

கேட்டவர் குளிர்காலத்துக்கு வண்டியை ஏற்றி வைக்கப் போகிறார், கார்புரேட்டரை உலர வைப்பதா நிரப்பி வைப்பதா என்கிறார். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் நான் வடித்துவிடுவேன். டயாஃப்ரம் உலர்ந்து இறுகலாம் என்பது உண்மை, ஆனால் அதை வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம், பைலட் ஜெட்டில் படிந்த பசையை முழுதாக எடுப்பது கடினம். எப்படி வைத்தாலும் மே மாதம் இறக்கும் முன் பாப் ஆஃபை மறுபடி அளக்க வேண்டும். மிக்குனி ஸ்பிரிங்குகள் எந்தக் கடையில் தனியாகக் கிடைக்கும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார்: இருக்கை அளவையும் கிராம் எண்ணையும் சொன்னால் இருசக்கர, பனி வாகன உதிரிபாகக் கடைகளிலும் எடுத்துத் தருவார்கள், ஒரே நாளில் ஒரே கடையில் இரண்டாக வாங்குங்கள், வாங்கிய பிறகும் அளந்துவிடுங்கள்.